மச்சான் உறவில் சேர்த்தி இல்லை

சுகுமாரன் நேர்மையானவர் என்பது அந்தத் தொழிற்சாலையில் எல்லோருக்கும் தெரியும். அவரே சொல்லித்தான் தெரியும்.

புக்கிட் தெங்காவில், நெடுஞ்சாலையிலிருந்தே கண்ணில் படும் நீலக் கூரைத் தொழிற்சாலை அது. எழுந்து நடக்க முடியாத நோயாளிகளைக் கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலிக்கு மாற்றும் கருவிகளை அங்கே செய்தார்கள். சக்கரம் வைத்த அடிப்பாகம், அதன்மேல் ஒரு தூண், தூணிலிருந்து நீளும் இரும்புக் கை, கையின் நுனியில் கொக்கி, கொக்கியில் மாட்டிய துணித் தொட்டில். தொட்டிலில் நோயாளி. சுகுமாரன் பொறியியல் பிரிவின் தலைவர். அது போதாதென்று நிர்வாகம் அவரை நெறிமுறைக் குழுவுக்கும் தலைவராக்கி வைத்திருந்தது. வருடத்துக்கு ஒருமுறை எல்லோரையும் கேன்டீனில் உட்காரவைத்து ‘நலன் முரண்பாடு’ என்ற தலைப்பில் பேசுவார். திரையில் தராசுப் படம் வரும்.

“நம்ம வேலைக்குள்ள சொந்த பந்தம் நுழைஞ்சிருச்சுன்னா, நாம எஞ்சினியர் இல்ல, புரோக்கர்லா!” என்பார்.

கைதட்டுவார்கள். பிறகு சோறும் கறியுமாக நாசி கண்டார் வந்து இறங்கும். அதை அன்போடு அனுப்பிவைப்பவர் தங்கராஜு.

தங்கராஜுவுக்கு மாக் மண்டினில் இரும்புப் பட்டறை. தூக்கும் கருவியின் இரும்புக் கை மொத்தமும் அவருடைய பட்டறையிலிருந்துதான் வந்தது. அவர் சுகுமாரனின் மனைவி ரமணியின் கூடப்பிறந்த அண்ணன். இதை யாரும் மறைக்கவில்லை. தீபாவளிக்கு இரண்டு குடும்பமும் ஒரே நிறத்தில் உடுத்திக்கொண்டு எடுத்த படத்தைச் சுகுமாரனே முகநூலில் போட்டிருந்தார். மனிதவளப் பிரிவு ஒருமுறை தயங்கித் தயங்கிக் கேட்டபோது அவர் கம்பெனி விதியைத் திறந்து காட்டினார். ‘உறவினர் என்போர்: வாழ்க்கைத் துணை, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர்.’

“இதுல மச்சான் இருக்கா? இல்லதானே?”

இல்லைதான். விதியை எழுதியவர் சுகுமாரன்.

இந்த இடத்துக்குத்தான் சுஹானா தரப் பொறியாளராக வந்து சேர்ந்தாள். தீவுப் பக்கம், ஜார்ஜ் டவுனில் பிறந்து வளர்ந்தவள், முப்பது தாண்டியவள், தினமும் கடல் பாலத்தைக் கடந்து வேலைக்கு வருகிறவள். அவளுடைய கையெழுத்து இல்லாமல் ஒரு கருவியும் வாசலைத் தாண்டக்கூடாது என்பது ஏற்பாடு. அவளுடைய அண்ணன் இர்வானும் மாக் மண்டினில் சின்னதாக ஒரு வெல்டிங் கடை வைத்திருந்தான். இந்தக் கம்பெனிக்கு அவன் ஓர் ஆணிகூட விற்றதில்லை. இருந்தாலும் சேர்ந்த வாரமே மனிதவளப் பிரிவுக்குப் போய்ச் சொன்னாள்.

அந்தப் பிரிவின் தலைவி நூர் ஃபாத்திஹா, பட்டர்வொர்த்காரி, நிமிர்ந்து பார்த்தாள். “எதுக்கு இதெல்லாம் சொல்றீங்க?”

“சொல்லணும்னு விதியில இருக்கே.”

“இருக்கு. ஆனா இதுவரைக்கும் யாரும் வந்து சொன்னதில்லயே.”

ஆகவே அந்தத் தொழிற்சாலையில் நலன் முரண்பாடு உள்ளவர் என்று பதிவான ஒரே ஆள் சுஹானா. மற்ற அத்தனை பேரும் சுத்தம்.

ஜார்ஜ் டவுனில் ஒரு தனியார் மருத்துவமனை புது வார்டு திறக்கவிருந்தது. கருவிகளுக்குப் பெரிய ஆர்டர் கொடுத்திருந்தார்கள். தங்கராஜுவின் பட்டறையிலிருந்து முதல் தவணையாக லாரி நிறைய இரும்புக் கைகள் வந்தன. சுஹானா சிலவற்றை எடுத்துச் சோதனைக் கூடத்தில் மாட்டி, கருவியில் எழுதியிருக்கும் அளவைவிடக் கூடுதலான எடையைத் தொங்கவிட்டாள். முதல் கை தாங்கியது. அடுத்ததில் எடையை ஏற்றிவிட்டுத் திரும்பும்போது தகரத்தை யாரோ கிழிப்பதுபோல் சத்தம் கேட்டது. கை தூணோடு சேரும் இடத்தில் வெல்டிங் ஓரமாகக் குழாய் வாயைப் பிளந்திருந்தது. எடை தரையில் கிடந்தது. கீழே நோயாளியின் இடத்தில் வெறும் சிமெண்டுத் தரை. அதில் ஒரு பள்ளம்.

அந்தக் கையை அறுத்துப் பார்த்தாள். வரைபடத்தில் கேட்டிருந்த கனத்தில் குழாய் இல்லை. மெலிசு. இன்னும் சிலவற்றை அறுத்தாள். சிலது சரியான கனம், சிலது மெலிசு. கிடைத்த குழாயைக் கலந்துகட்டி அனுப்பியிருந்தார்கள். மொத்தத்தையும் திருப்பி அனுப்பவேண்டும் என்று காரணத்தோடு எழுதி, சுகுமாரனுக்கும் பொது மேலாளர் அப்துல் அஜீஸுக்கும் அனுப்பினாள்.

சுகுமாரன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஏசவில்லை. அவர் யாரையும் ஏசமாட்டார். தேநீர் வரவழைத்தார்.

“எடை ஆடியிருக்கும்மா.”

“ஆடல சார். வீடியோ இருக்கு.”

“வீடியோவுல காத்து தெரியாதும்மா.”

“லேப்ல ஏர்கான் சார். அங்க ஏது காத்து?”

சுகுமாரன் பெருந்தன்மையாகச் சிரித்தார். “நான் உன்ன ஃபோர்ஸ் பண்ணல. என்னோட பிரின்சிபிள் உனக்கே தெரியும். ‘கண்டிஷனல் பாஸ்’னு போட்டுக் கையெழுத்து வெச்சிரு.”

“என்ன கண்டிஷன் சார்?”

“அது அப்புறமா பார்த்துக்கலாம்லா.”

“நோயாளி லேசா இருக்கணும்னு போட்டுரவா?”

சிரிப்பு நின்றது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சுஹானா, நம்ம ஆளு ஒருத்தன் இந்த நாட்டுல ஒரு கம்பெனிய நிமிர்த்தி வெக்கிறது எவ்ளோ கஷ்டம்னு தெரியுமா உனக்கு? எத்தன பேரு கால வார்றதுக்குக் காத்திருக்கான். நாமளே வாரலாமா?”

அவர் சமூகத்தைப் பற்றிப் பேசினார், உழைப்பைப் பற்றிப் பேசினார், தோட்டத்திலிருந்து வந்த தலைமுறையைப் பற்றித் தொண்டை கரகரக்கப் பேசினார். மச்சானைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சுஹானா தேநீரைக் குடித்து முடித்து, “கனமான குழாய்ல செஞ்சு அனுப்பச் சொல்லுங்க சார். அன்னிக்கே கையெழுத்துப் போடுறேன்” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள்.

அந்தச் சனிக்கிழமை தங்கராஜு அவளுக்குப் போன் செய்தார். லிட்டில் இந்தியாவில் ஒரு கடையில் பத்து நிமிடம் பேசவேண்டும் என்றார். தப்பு நடந்ததை ஒப்புக்கொள்ளத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து அவள் போனாள். இன்றைக்கு அதை நினைத்தால் அவளுக்கே சிரிப்பு வருகிறது.

“உங்களுக்காகத்தான் தங்கச்சி ஹலால் கடையா பார்த்தேன்” என்று தங்கராஜு ஆரம்பித்தார். அகலமான மனிதர், விரல்களில் மோதிரம், பேச்சில் எப்போதும் ஒரு குழைவு. குழாயின் கனத்தைப் பற்றி அவள் எடுத்தபோதெல்லாம் அவர் மீன் கறியைப் பற்றிப் பேசினார். கடைசியில், “உங்க அண்ணன் இர்வான் என் பட்டறைக்குப் பக்கத்துலதானே? நல்ல கை அவருக்கு. பாவம், மெஷின் எல்லாம் தூங்குது” என்றார்.

“அத ஏண்ணே என்கிட்ட சொல்றீங்க?”

“சும்மா சொன்னேன்லா. மனுஷனுக்கு மனுஷன் உதவி பண்றதுதானே?”

சுஹானா தன் பங்குக்குக் காசை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். கார் நிறுத்திய இடத்துக்கு நடந்துகொண்டே அண்ணன் வீட்டுக்குப் போன் போட்டாள். அண்ணிதான் எடுத்தாள், சித்தி ஆயிஷா என்று பேர். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

“சுஹா! நல்ல சேதி கேட்டியா? ஒங்கண்ணனுக்கு வேலை வந்திருச்சு. தங்கராஜு அண்ணே பட்டறையில இருந்து வெல்டிங் வேலை. அந்த ஆஸ்பத்திரி ஆர்டருக்கு மிச்சக் கைங்களாம். நேத்தே சாமான் எல்லாம் வந்து எறங்கிருச்சு.”

“மதினி, அண்ணன்கிட்ட குடுங்க.”

இர்வான் போனை வாங்கினான். அவள் சொன்னதை முழுதும் கேட்டான். கேட்டுவிட்டு, “வேணாம்னு சொல்லணுமா இப்ப நான்?” என்றான்.

“ஆமாண்ணே.”

“ரமலான் முடிஞ்சதுல இருந்து மெஷின் சும்மா கெடக்கு. ஒனக்கு மாசம் பொறந்தா சம்பளம். எனக்கு யாரு குடுப்பா?”

“என்னைய வளைக்கத்தான் ஒனக்கு வேலை குடுக்குறாங்க.”

“என் வெல்டிங்க பார்த்து குடுக்கலேங்கிற. ஒன் மூஞ்சிய பார்த்துதான் குடுத்தாங்கங்கிற.” அவன் குரல் தணிந்தது. அது கத்தலைவிட மோசமாக இருந்தது. “நீ வேலைய பாரு சுஹா. என் வேலைய நான் பார்த்துக்கிறேன்.”

திங்கட்கிழமை காலை பையை மேசையில் வைக்கும் முன்னரே சுஹானா நூர் ஃபாத்திஹாவின் அறைக்குப் போனாள். இனி அவளுக்கு வேறு வழியில்லை. அண்ணன் இப்போது தங்கராஜுவுக்கு வேலை செய்கிறான். அவள் தங்கராஜுவின் சரக்கைச் சோதிக்கிறாள். இது முரண்பாடுதான், சந்தேகமே இல்லை.

“நான் இந்த வேலையில இருந்து விலகிக்கிறேன். வேற யாராச்சும் சோதிக்கட்டும். ஆனா அது சுகுமாரன் சாரா இருக்கக் கூடாது. தங்கராஜு அவருக்கு மச்சான்.”

நூர் ஃபாத்திஹா முதல் பாதியை எழுதிக்கொண்டாள். இரண்டாவது பாதி வந்தபோது பேனாவைக் கீழே வைத்தாள். “விதியில மச்சான் இல்லயே சுஹானா.”

“அண்ணன் இருக்கு, மச்சான் இல்லையா?”

“நான் என்ன பண்றது சொல்லுங்க? விதிய நானா எழுதுனேன்?”

சுஹானா முதலில் அந்த வேலையை லஞ்சம் என்றுதான் நினைத்திருந்தாள். லஞ்சமாக இருந்திருந்தால் பரவாயில்லை, மறுத்துவிட்டால் தீர்ந்தது. இதை மறுக்கவும் முடியாது. அவள் வளைந்தால் கையெழுத்து கிடைக்கும். வளையாவிட்டால் அவளுடைய நேர்மையே அவளை நாற்காலியிலிருந்து எழுப்பிவிடும். இவ்வளவு நுணுக்கமாக யோசிக்கத் தெரிந்த மூளை குழாயின் கனத்தைப் பற்றிக் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

நெறிமுறைக் குழு கூடியது. மூன்று பேர். நடுவில் தலைவர் சுகுமாரன், வலப்பக்கம் அவருக்குக் கீழே வேலை பார்க்கும் உற்பத்தி மேலாளர், இடப்பக்கம் நூர் ஃபாத்திஹா. விசாரணைக்கு உட்பட்டவள் சுஹானா.

“இந்தக் குழுவுல நீங்க இருக்கக் கூடாது சார்” என்றாள் சுஹானா.

சுகுமாரன் நெஞ்சில் கை வைத்தார். “கரெக்ட். ரொம்ப கரெக்ட். டிரான்ஸ்பரன்சிதான் முக்கியம்.” எழுந்தார். கோட்டைச் சரிசெய்தார். அறைக்கு வெளியே போய், கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு, வாசலில் போட்டிருந்த நாற்காலியில் உள்ளே பார்த்தபடி உட்கார்ந்துகொண்டார். உற்பத்தி மேலாளர் ஒவ்வொரு கேள்வியைக் கேட்கும் முன்னும் வாசலைப் பார்த்தார். சுகுமாரன் தலையசைத்தார். ஒரு கேள்விக்கு மட்டும் தலையசைக்கவில்லை. ‘அந்தக் கை ஏன் உடைந்தது’ என்ற கேள்வி அது. அதை யாரும் கேட்கவில்லை.

முடிவு அன்று மாலையே வந்தது. சுஹானா தன் முரண்பாட்டைத் தானே முன்வந்து அறிவித்ததைக் குழு மனமாரப் பாராட்டியது. பாராட்டிவிட்டு அவளைப் பயனர் கையேடு தயாரிக்கும் மேசைக்கு மாற்றியது. அவள் செய்த சோதனை, சார்பு இருக்கக்கூடும் என்பதால், செல்லாது. புதிதாகச் சோதனை நடந்தது. இந்த முறை ஒரு கையும் உடையவில்லை. கனமான குழாயில் செய்த கைகள் எவை என்று வெளியிலிருந்தே தட்டிப் பார்த்துச் சொல்ல முடியும், அதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். முரண்பாடு ஏதும் இல்லாத பொறியாளர் என்ற முறையில் சுகுமாரனே கையெழுத்துப் போட்டார்.

சுஹானா அப்துல் அஜீஸைப் போய்ப் பார்த்தாள். பொது மேலாளர் நல்லவர் என்று பேர். அவர் நல்லவராகவே கேட்டார். “உங்க ஆதங்கம் எனக்குப் புரியுது” என்றார். எழுதி அனுப்பியதைப் படித்தீர்களா என்றாள். “நிறைய மெயில் வருது” என்றார். ஜன்னலுக்கு வெளியே லாரியில் கருவிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

கையேட்டு மேசையில் அவளுக்குக் கிடைத்த முதல் வேலை, ‘இக்கருவி உங்கள் அன்புக்குரியவர்களைப் பாதுகாப்பாகத் தாங்கும்’ என்ற வரியில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்ப்பது. எழுத்துப்பிழை எதுவும் இல்லை.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் பாலத்தில் வண்டிகள் நகரவே இல்லை. அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கணக்குப் போட்டாள். வாங்குகிறவர்களிடம் நேரே போய்ச் சொன்னால் வேலை போகும். அண்ணனுடைய வேலையும் போகும், அவன் மறுபடி முகத்தில் முழிக்கமாட்டான். சொல்லாமல் இருந்தால் எல்லாம் அப்படியே இருக்கும், ஒருநாள் ஒரு கிழவரோ கிழவியோ அந்தரத்திலிருந்து விழும்வரை. அவளுக்குப் பயமாக இருந்தது. பயத்தைவிட அருவருப்பு அதிகமாக இருந்தது. அந்த வாசல் நாற்காலியும், நெஞ்சில் வைத்த கையும்.

மருத்துவமனையில் கருவிகளுக்குப் பொறுப்பான பொறியாளரின் பெயர் ஸஹ்ரா. தொழிற்சாலையைப் பார்வையிட ஒருமுறை வந்திருந்தாள், குட்டையான, சுருக்கமாகப் பேசும் பெண். சுஹானா மறுநாள் மதியம் அவளை மருத்துவமனை உணவகத்திலேயே போய்ப் பார்த்தாள். எதையும் மறைக்கவில்லை. உடைந்த கையின் படத்தைக் காட்டினாள். அண்ணன் அதே பட்டறைக்கு வேலை செய்வதையும் சொன்னாள், தான் மாற்றப்பட்டதையும் சொன்னாள்.

ஸஹ்ரா படத்தை வெகுநேரம் பார்த்தாள். “ஒங்க பேச்ச மட்டும் வெச்சு நான் சரக்க திருப்பி அனுப்ப முடியாது. ஒங்களுக்கு அந்த சுகுமாரன் மேல கோபம்னு சொல்லிருவாங்க.”

“கோபம் இருக்குதான்.”

“அப்ப நான் என்ன பண்ணலாம்?”

“சோதிச்சுப் பாருங்க. நீங்களே.”

ஸஹ்ரா தேநீரைக் கலக்கினாள். “ஒப்படைக்கிற அன்னிக்கு நீங்களும் வருவீங்களா?”

“கையேட்ட விளக்க என்னைத்தான் அனுப்புவாங்க.”

“வாங்க” என்றாள் ஸஹ்ரா.

ஒப்படைக்கும் நாளன்று புது வார்டில் வண்ண வண்ண பலூன் கட்டியிருந்தார்கள். தாதிகள் சுவரோரமாக வரிசையில் நின்றார்கள். அப்துல் அஜீஸ் பூப்போட்ட பத்திக் சட்டையில் வந்திருந்தார். தங்கராஜுவும் வந்திருந்தார். எதற்காக என்று யாரும் கேட்கவில்லை, சாப்பாடு அவருடையது. நடுவில் பளபளவென்று ஒரு கருவி, துணித் தொட்டில் தொங்க நின்றது. சுஹானா கையேடுகளைச் சுமந்துகொண்டு பின்னால் நின்றாள்.

சுகுமாரன் பேசினார். தரம் என்றார், நம்பிக்கை என்றார். “எங்க அம்மா இன்னிக்கு உயிரோட இருந்தாங்கன்னா, இந்தக் கருவியிலதான் நான் தூக்குவேன்” என்றபோது குரல் உடைந்தது. தாதிகளில் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஸஹ்ரா முன்னால் வந்தாள். “ரொம்ப நன்றி சார். எங்க தாதிங்களுக்கு ஒரு டெமோ காட்டணும். நீங்களே உக்காருங்களேன்.”

“நானா?”

“கையெழுத்து நீங்கதானே போட்டிருக்கீங்க.”

சுகுமாரன் சிரித்தார். சுற்றிலும் பார்த்தார். எல்லோரும் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆவலோடு காத்திருந்தார்கள். ஒரு தாதி தொட்டிலை விரித்துப் பிடித்தாள்.

“எனக்கு முதுகு வலி” என்றார் சுகுமாரன்.

“முதுகு வலி உள்ளவங்களத் தூக்கத்தானே சார் இது?”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சுகுமாரன் கைக்குட்டையை எடுத்து நெற்றியை ஒற்றினார். “மச்சான், நீங்க உக்காருங்க. உங்க கைவேலதானே.”

தங்கராஜுவின் முகத்தில் இருந்த குழைவு அப்படியே இறுகியது. “எனக்கு பிரஷர் இருக்குலா.”

“எங்க நோயாளிங்க பாதிப் பேருக்கு பிரஷர்” என்றாள் ஸஹ்ரா. “பரவாயில்ல, ரெண்டு பேருல யாராச்சும். நாங்க மெதுவா தூக்குறோம்.”

“நீங்க வெயிட்டு கம்மி, நீங்க உக்காருங்க” என்றார் தங்கராஜு சுகுமாரனிடம் மெல்லிய குரலில். அது மெல்லிய குரலாக இருக்கவேண்டும் என்றுதான் நினைத்தார். வார்டு முழுக்கக் கேட்டது.

“வெயிட்டுக்கும் இதுக்கும் என்ன?” என்று கேட்டார் அப்துல் அஜீஸ். அவர் முகத்தில் இருந்த நல்லதனம் முதன்முறையாகக் கொஞ்சம் கலைந்திருந்தது. ஸஹ்ரா அவர் பக்கம் திரும்பி, “நீங்க உக்காருறீங்களா சார்?” என்றாள். அவர் கைப்பேசியை எடுத்து எதையோ மும்முரமாகத் தேட ஆரம்பித்தார். அந்த ஒரு மெயிலைத் தேடினாரோ என்னவோ.

சுகுமாரன் பின்னால் திரும்பினார். “சுஹானா, நீ வாம்மா. நீ உக்காந்து காட்டு.”

அவரைப் பற்றிச் சொல்ல இதற்குமேல் ஒன்றும் தேவையில்லை. அந்தக் கையில் என்ன இருக்கிறது என்று தெரிந்தே, அதன் கீழே அவளை உட்காரச் சொன்னார்.

“மாட்டேன் சார்” என்றாள் சுஹானா. “ஏன்னு எழுதியே குடுத்திருக்கேன்.”

தொட்டிலை விரித்துப் பிடித்திருந்த தாதி அதை மெதுவாக விட்டுவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

“சரி” என்றாள் ஸஹ்ரா. “செஞ்சவரு உக்கார மாட்டாரு, கையெழுத்துப் போட்டவரு உக்கார மாட்டாரு. என் நோயாளிங்களையும் நான் உக்கார வெக்க மாட்டேன். எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிருங்க.”

சாப்பாட்டை யாரும் தொடவில்லை. பலூன்களைத் தாதிகள் வீட்டுக்கு எடுத்துப் போனார்கள்.

மருத்துவமனை சில கைகளை வைத்துக்கொண்டு வெளியே ஒரு கூடத்தில் சோதிக்கக் கொடுத்தது. சில தாங்கின. சில முதல் ஏற்றத்திலேயே வாயைப் பிளந்தன. ஆர்டர் ரத்தானது. தொழிற்சாலை ஓர் அறிக்கை விட்டது. ‘தகவல் பரிமாற்றத்தில் ஏற்பட்ட சிறு இடைவெளி’ என்று அதில் இருந்தது. பிளந்தது குழாய் இல்லை, தகவல். சுகுமாரன் உடல்நலக் காரணத்தால் ராஜினாமா செய்தார். அந்த முதுகு வலிதான் போலிருக்கிறது. அவருக்குக் கேக் வெட்டி, அத்தனை வருட நேர்மைக்கு நினைவுக் கேடயம் கொடுத்தார்கள். கேடயத்தைக் கொடுத்தவர் அப்துல் அஜீஸ். இப்போது சுகுமாரன் ஹோட்டல்களில் தொழில் நெறிமுறை பற்றிக் கருத்தரங்கு நடத்துகிறார் என்று கேள்வி. கூட்டம் வருகிறதாம்.

விதி திருத்தப்பட்டது. மச்சானும் மைத்துனியும் உறவினர் ஆனார்கள். அதே மாதம் தங்கராஜுவின் பட்டறை வேறு பெயரில், அவருடைய மருமகன் பெயரில், வேறொரு தொழிற்சாலைக்கு மேசைக்கால் செய்ய ஆரம்பித்தது. மேசைக்கால்தான் என்பது ஓர் ஆறுதல்.

சுஹானாவுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அனுமதியின்றி வாடிக்கையாளரிடம் பேசியது ஒழுங்குமீறல். நூர் ஃபாத்திஹா அதைக் கொடுக்கும்போது முகத்தைப் பார்க்கவில்லை. “என் மேல கோவமா?” என்று மட்டும் கேட்டாள். “இல்ல” என்றாள் சுஹானா. கோபப்படுவதற்கு அங்கே ஓர் ஆள் இருப்பதாகவே அவளுக்குத் தோன்றவில்லை. அடுத்த வாரம் அவளும் வேலையை விட்டாள். தீவுப் பக்கமே, மின்தூக்கிகளைப் பரிசோதிக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் சேர்ந்தாள்.

இர்வான் நெடுநாள் பேசவில்லை. அடுத்த ஹரி ராயா பெருநாளுக்கு அவள் அவன் வீட்டுக்குப் போனாள். சித்தி ஆயிஷா கதவைத் திறந்து, கட்டிப்பிடித்துக்கொண்டு, உள்ளே பார்த்து, “வந்திருக்கா” என்றாள். இர்வான் வரவேற்பறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தான். அதன் சத்தத்தைக் குறைக்கவில்லை.

“செலாமாட் ஹரி ராயாண்ணே. மன்னிச்சிரு.”

“ம்.”

பலகாரத் தட்டு வந்தது. அவள் ஒன்றை எடுத்துக் கையிலேயே வைத்திருந்தாள். அவன் தொலைக்காட்சியைப் பார்த்தபடியே கேட்டான்.

“திருப்பி அனுப்பினதுல நான் பண்ணதும் இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“என் வெல்டிங் விட்டுச்சா?”

“வெல்டிங் விடல. குழாய் கிழிஞ்சிருச்சு, வெல்டிங் ஓரமா.”

இர்வான் நிமிர்ந்து உட்கார்ந்தான். முகத்தில் ஒரு தெளிவு வந்தது, பரீட்சையில் தேறிய பையனைப் போல. “அதான் சொன்னேன். என் வேலையில கொறை இருக்காது. அவன் குடுத்த குழாய் மெலிசு. கையில எடுத்தவொடனே தெரிஞ்சிருச்சு எனக்கு.”

சித்தி ஆயிஷா சமையலறை வாசலில் தேநீர்த் தட்டோடு நின்றுவிட்டாள்.

“தெரிஞ்சுதான் ஒட்டுனியா?” என்று கேட்டாள் சுஹானா.

அவன் வாயைத் திறந்தான். குழாயைத் தேர்ந்தெடுப்பது அவன் வேலை இல்லை, கொடுத்ததை ஒட்டுவதுதான் வேலை, அதற்குமேல் கேட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். இப்படியெல்லாம் சொல்ல அவனிடம் நிறைய இருந்தது. தொழிற்சாலையில் ஒவ்வொருவரும் சொன்னதுதான். அதையெல்லாம் விட்டுவிட்டுத் தொலைக்காட்சியை அணைத்தான். சித்தி ஆயிஷா தேநீரைக் கொண்டுவந்து வைத்தாள்.

“டீ ஆறுது, குடி” என்றான்.

அவள் குடித்தாள். வெளியே பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பட்டாசு கொளுத்தினார்கள். அவன் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு, அங்கேயே, அவளுக்கு முதுகைக் காட்டியபடி நின்றுகொண்டிருந்தான்.